பாந்தியோன்: உரோமர் கட்டடக்கலை பற்றி ஒரு மதிப்பீடு

கிரேக்கர் கலைஞர், உரோமர் கட்டுநர் மாத்திரமே என்னும் கூற்று மேனாட்டுக் கலைவரலாற்று நூல்களில் நெடுங்காலம் வழங்கிவந்ததொன்றாகும். கொலோசியத்தையும் நீர்க்கால்வாய்களையும் நோக்குவார்க்கு இக்கூற்று ஓரளவு பொருந்துவதாகவே தோன்றும். ஆயின், உரோமாபுரியில் இன்றும் முழுமையாக நிற்கும் பாந்தியோனை வைத்து நோக்கின் இது நிலைபெறுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முகமண்டபத்தின் மேல் அகிரிப்பாவின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அவன் மூன்றாம் முறை கொன்சல் பதவி வகித்தது கி.மு. 27 ஆம் ஆண்டிலாகும். அவன் எடுப்பித்த கட்டடம் கி.பி. 80 இல் எரிந்தது. தொமிசியன் புதுக்கியதும் கி.பி. 110 இல் இடிவீழ்ந்து எரிந்தது. 1892 இல் செடான் என்னும் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் செங்கல் முத்திரைகளை ஆராய்ந்ததன் பின்னரே இன்றுள்ள கட்டடம் ஏட்ரியன் காலத்தது என்பது துணியப்பட்டது. அம்முத்திரைகளை மீள நோக்கிய பிற்கால அறிஞர் சிலர், வேலை திராயனது ஆட்சியின் இறுதியிலேயே தொடங்கிற்று என்பர். தன் பெயரை விடுத்து அகிரிப்பாவின் பெயரை நிறுத்தியதை ஏட்ரியனின் அடக்கமெனப் புகழ்வாருளர். அடக்கமோ, அன்றிப் பழம்பெருமையின் நிழலில் தன் ஆட்சிக்கு உறுதி தேடிய சூழ்ச்சியோ, யாரறிவார்!

முதலிற் குறையைக் கூறிவிடுவோம். முகமண்டபமும் அதன் பின்னுள்ள வட்டக் கட்டடமும் ஒன்றோடொன்று இசையவில்லை. இரண்டையும் இணைக்கும் பகுதியில், இன்றுள்ள முக்கோண முகப்புக்கு மேலே இன்னொரு முகப்பின் வரை தெரிகின்றது. ஐம்பது உரோம அடித் தூண்களுக்கென வகுத்த திட்டம், அத்தகைய தூண்கள் கிட்டாமையால் நாற்பதடித் தூண்களுக்குச் சுருக்கப்பட்டது என்று கொள்வாருளர். நிற்கும் பதினாறு தூண்களும் எகிப்திலிருந்து வந்த ஒற்றைக் கருங்கற்கள். பாலைநிலத்தில் அவற்றை வெட்டி, நைல் நதிவழியாகவும் கடல்வழியாகவும் கொணர்ந்தோரின் பெயரை எக்கல்வெட்டும் கூறவில்லை.

வாயிலைக் கடந்தவுடன் இக்குறைகள் யாவும் மறைகின்றன. உள்ளே விட்டமும் உயரமும் ஏறத்தாழ 142 அடியாகச் சமமாயுள்ளன. முழுக்கோளமொன்றை அதனுள் வைக்கலாம். கிரேக்கர் கோயில் பெரும்பாலும் புறத்தே நின்று காணத்தக்க உருவம். இங்கோ, கட்டியவன் செதுக்கியது கல்லையன்று, கல் சூழ்ந்த வெளியையே. இதனைக் கலையன்று என மறுப்பார் கலை என்பதற்கு வேறென்ன பொருள் கொள்வாரோ அறியோம்.

இவ்வெளியை இயலச்செய்தது எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்த கொங்கிறீற்றாகும். அடித்தளத்திற் கனத்த சுண்ணக்கல்லையும், மேலே செல்லச்செல்ல உடைந்த செங்கல்லையும், உச்சியில் நுரைக்கல் போன்ற எடைகுறைந்த எரிமலைக் கற்களையும் அதனோடு சேர்த்தனர். ஏறத்தாழ இருபதடிப் பருமனுள்ள சுவரின் மேல் எழும் குவிமாடம் உச்சியில் நான்கைந்து அடியாக மெலிகின்றது. நடுவிலுள்ள வட்டத் திறப்பே வாயிலையன்றி ஒளி புகும் ஒரே வழி. மழையும் அதன் வழியே வீழ்கின்றது. தளத்தைச் சற்றே குவிவாக அமைத்து வடிதுளைகளும் இட்டுள்ளனர்.

குவிமாடம் இறுகியபின் மூடிபோல ஒரே பிண்டமாயிற்று எனப் பலர் எழுதினர். அது பொருந்தாது. குவிமாடத்தின் கீழ்ப்பகுதியில் நிலைக்குத்தான வெடிப்புகள் உள. 1986 இல் வெளிவந்த ஆய்வொன்று, குவிமாடம் தனித்தனி வளைவுகள் ஒன்றையொன்று சாய்ந்து நிற்பதுபோலவே நிற்கின்றது எனக் காட்டிற்று. அடியிலே பளு மிகுத்தும் உச்சியிலே குறைத்தும் அமைத்த முறைமையே அதனைக் காத்தது என்க.

மற்றொரு கண்டனமும் உண்டு. விதானத்திலுள்ள குழிப்பலகங்கள் வரிசைக்கு 28 ஆக ஐந்து வரிசைகளில் அமைந்துள்ளன; கீழ்ச்சுவரோ எட்டுப் பிரிவுகளையுடையது. ஆகவே மேலுங் கீழும் நேரொத்து வருவதில்லை. எனினும், சுவரின் மேலடுக்கு 18 ஆம் நூற்றாண்டில் மாற்றப்பட்டதென்பதை இக்கண்டனக்காரர் மறத்தல் கூடாது. இன்று காணும் பெரிய சாளரச் சட்டங்கள் ஒவ்வொரு பிரிவையும் வலிந்து காட்டுவன. 1930களில் ஒரு பகுதி மாத்திரம் பழைய வடிவில் மீள அமைக்கப்பட்டது. அங்கே நெருங்கிய சிறு அரைத்தூண்கள் எப்பிரிவையும் தனித்துக் காட்டாது வரிசையாய் ஓடுகின்றன. கண் தங்குதடையின்றி விதானத்துக்கு ஏறிவிடுகின்றது.