முகவரிச் சீட்டு

திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 'சப்தகிரி' மாத இதழ் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஆங்கிலம், சமஸ்கிருதம் என ஆறு மொழிகளில் வருகிறது. அட்டைப்படத்தை எல்லோரும் ரசிப்பார்கள். எனக்கோ அதோடு ஒட்டி வரும் முகவரிச் சீட்டின் மேல்தான் கண். பெயர், தெரு, ஊர், பின்கோடு என்று நாலைந்து வரியில் ஒரு வீட்டைக் காட்டிவிடுகிறது, அழகு!

சித்தூர்ப் பக்கம் சந்தாதாரர் பட்டியலைப் பராமரிப்பது லேசான வேலை அல்ல. பாட்டி தமிழ் படிப்பார். பேரனுக்குத் தெலுங்கு எழுத்துதான் தெரியும். எந்த மொழி இதழ் என்று படிவத்தில் குறிக்காவிட்டால் குழப்பம்தான். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது. புத்தூர் அங்கே போனது. பக்கத்து நகரி சித்தூரிலேயே நின்றது. முகவரியை மாற்றித் தர வேண்டுமோ என்று சந்தாதாரர் தவித்தால் அதில் வியப்பில்லை. ஆனால் 1972 ஆகஸ்ட் 15 முதல் புழங்கும் பின்கோடு தபால் நிலையத்துக்கு உரியது. மாவட்ட எல்லை நகர்ந்தாலும் அது அசையவில்லை. சித்தூர் 517001, திருப்பதி 517501, பழையபடியே. தபாலை இந்தப் பக்கம் திருப்பிவிட முதல் மூன்று இலக்கம் போதும். வீடு மாறினால் மட்டும், பழைய சீட்டை வெட்டிப் புது முகவரியோடு சேர்த்து அனுப்புங்கள். ஒரே பெயரில் பலர் இருக்கும் பட்டியலில் உங்களைத் தேடி எடுக்க அதுவே சுலபமான வழி.