குடும்ப எல்லையை வரைவது யார்?

தாமரையையும் அல்லியையும் ஒரே குடும்பத்தில் வைத்த பழைய தாவரவியலாளர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரே குளம், ஒரே சேறு, வட்ட இலை, அடுக்கடுக்கான இதழ்கள். பெந்தமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட வகைப்பாட்டிலும் இரண்டும் ஒரே வீட்டில்தான் இருந்தன. டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டபோது தாமரைக்குச் சொந்தமாக வந்து நின்றது, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கின் குடும்பம். அல்லியோ, பூக்கும் தாவரங்களின் அடிமரத்திலேயே பிரிந்துவிட்ட பழங்கிளை. தாமரையின் மகரந்தத் தூளில் மூன்று பள்ளங்கள் உண்டு, அல்லியில் இல்லை. தடயம் நுண்ணோக்கியின் அடியில் இருக்கத்தான் செய்தது; அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

டி.என்.ஏ.வை ஒப்பிடும் முறையின் பெரிய வலிமை இதுதான். எந்தப் பண்பு உறவால் வந்தது, எது வாழிடத்தால் வந்தது என்று பிரித்துக் காட்டுகிறது. செங்காந்தளை லில்லிக் குடும்பத்திலிருந்து எடுத்துக் கொல்ச்சிகம் என்ற செடியுடன் சேர்த்தார்கள். இரண்டிலும் கொல்ச்சிசின் என்ற அதே நஞ்சு. தேக்கு துளசிக் குடும்பத்துக்குப் போனது. கேட்டவுடன் சிரிப்பு வரும். ஆனால் தேக்கின் இளங்கிளையைத் தடவிப் பாருங்கள், துளசித் தண்டில் போலவே நான்கு பட்டை தட்டுப்படும்.

குறைகளில் ஒன்று ஓரளவு தீர்ந்துவருகிறது. 1993இல் சேஸ் குழுவினர் 499 இனங்களை ஒப்பிட்டது பசுங்கணிகத்தின் ஒரே மரபணுவைக் கொண்டு. பசுங்கணிகம் பெரும்பாலும் தாய்வழியில் மட்டுமே வருவதால் கலப்பினங்களின் கதையில் பாதியை அது சொல்லாது. ஆமணக்கு அடங்கிய பெருங்கிளையைப் பசுங்கணிக மரபணுக்கள் அவரையின் பக்கமும், உட்கரு மரபணுக்கள் பருத்தியின் பக்கமும் இழுக்கின்றன. 2024இல் 353 உட்கரு மரபணுக்களைக் கொண்டு 9,500க்கும் மேற்பட்ட இனங்களை ஆராய்ந்தபோதும் பெரும்பாலான குடும்பங்கள் கலையவில்லை.

தீராத குறை வேறு. கிளைகள் எங்கே பிரிகின்றன என்பதை மரபணு சொல்லும். எந்தக் கிளைக்குக் குடும்பம் என்று பெயரிடுவது என்பதைச் சொல்லாது. அதை முடிவு செய்வது மனிதர்கள், ஏறக்குறைய வாக்கெடுப்பு மாதிரி. பூக்கும் தாவரங்களுக்கான தன் முதல் வகைப்பாட்டை 1998இல் வெளியிட்ட ஏ.பி.ஜி. குழு, 2003ஆம் ஆண்டுப் பதிப்பில், தண்ணீர்விட்டான் குடும்பத்தைச் சிறியதாகவும் கொள்ளலாம், பெரியதாகவும் கொள்ளலாம் என்றது. 2009இல் பெரியதே போதும் என்று முடித்துவிட்டது. அந்த ஆறு ஆண்டுகளில் செடிகள் எதுவும் மாறிவிடவில்லை. இன்று தண்ணீர்விட்டானும் மருளும் ஆனைக்கற்றாழையும் ஒரே குடும்பம். மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பொது அடையாளம் காட்டச் சொன்னால் ஆசிரியரே திணறுவார். கண்ணால் காணும் அடையாளங்களை வைத்தே குடும்பம் பிரிக்கும் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரநூல் 1915இல் வெளிவரத் தொடங்கியது. காட்டுக்குள் போகிறவர்கள் அதை இன்றும் கைவிடாமல் இருப்பதற்குப் பழமைப்பற்று காரணமில்லை. பூவை உரித்துப் பார்த்தால் விடை தருகிறது.

எருக்கில் நிலைமை இன்னும் விசித்திரம். மகரந்தம் மெழுகுக் கட்டியாகத் திரண்டு பூச்சியின் காலில் தொங்கிப் போகும் அமைப்புக்காக, ராபர்ட் பிரவுன் 1810இல் அதன் கூட்டத்தை அரளியிலிருந்து பிரித்தார். பள்ளிப் பிள்ளைகூட லென்சில் பார்த்துவிடக்கூடிய வேறுபாடு. ஆனால் எருக்கின் கிளை அரளியின் கிளைகளுக்கு உள்ளிருந்தே முளைக்கிறது. மூதாதையின் வழித்தோன்றல்கள் ஒன்றையும் விடாமல் ஒரே குடும்பத்தில் இருக்க வேண்டும் என்ற விதிப்படி, எருக்கு மறுபடியும் அரளிக் குடும்பத்துக்குள் போய்விட்டது. கிளை எங்கே முளைத்தது என்பது கண்டுபிடிப்பு. அந்த விதியோ, மனிதர்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம்.