முத்திரையிட்ட உறையும் உடைத்த சிலம்பும்

சுங்குவார்சத்திரத்துத் தொழிற்சாலைகளிலே உருவாகும் பண்டங்களிற் பல, லாரி ஏறி மீனம்பாக்கம் சென்று, வானூர்தி வழியே வெளிநாடு போகின்றன. அங்கே சுமை ஏற்றி இறக்கும் தரைப்பணியை யார் செய்யலாம், யார் செய்யலாகாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் தில்லியிடம் இருக்கிறது. இருக்கட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அந்த அதிகாரம் காரணம் சொல்லக் கடமைப்பட்டதா, இல்லையா என்பதே நமது கேள்வி.

2025 மே 15 அன்று, துருக்கியைத் தாயகமாகக் கொண்ட செலெபி நிறுவனத்தின் பாதுகாப்பு அனுமதி ஒரே ஆணையால் பறிக்கப்பட்டது. சென்னை உட்பட ஒன்பது வானூர்தி நிலையங்களிலே பணி செய்த நிறுவனம் அது. பாகிஸ்தானோடு மோதல் மூண்ட நாட்களில் துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்றது. நாட்டிலே சினம் பொங்கிற்று. ஆணையில் இருந்த காரணமோ, தேசப் பாதுகாப்பின் நலன் என்ற ஒரு தொடர் மட்டுமே! அனுமதியைப் பறிக்குமுன் உரியவரைக் கேட்கவேண்டும், காரணத்தை எழுதவேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டு வானூர்திப் பாதுகாப்பு விதிகளின் 12ஆம் விதி. கேட்கவில்லை. காரணங்களை முத்திரையிட்ட உறையிலிட்டு, நீதிபதியிடம் மட்டும் நீட்டிற்று அரசு. ஜூலை 7இல், தில்லி உயர்நீதிமன்றம் அதைப் படித்து நிறைவுற்று, வழக்கைத் தள்ளிற்று.

தீர்ப்பின் வாதம் எளிதாக ஒதுக்கத்தக்கதன்று. வேவு பார்க்கும் வாய்ப்பு இருக்குமிடத்திலே முன்னறிவிப்புத் தந்தால், தடுக்க நினைத்ததே நடந்துவிடலாம் என்கிறது. சரி, அன்றே வாயிலை மூடட்டும்! மூடியபின், குற்றச்சாட்டின் சுருக்கத்தையேனும் கையில் தந்து விடை கேட்டால் எந்தக் கோட்டை இடிந்துவிடும்? மீடியா ஒன் தொலைக்காட்சி வழக்கிலே, 2023 ஏப்ரல் 5 அன்று, உச்சநீதிமன்றமே மூடிய உறை முறையைக் கண்டித்தது. தேசப் பாதுகாப்பு என்று உச்சரித்த அளவிலேயே நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ளாது என்றும் சொல்லிற்று. தில்லித் தீர்ப்போ, 2014இல் அதே உச்சநீதிமன்றம் காட்டிய பழைய பாதையைப் பற்றிக்கொண்டது.

கருவறைக்குள் இருப்பதை அர்ச்சகர் மட்டுமே காணலாம், நீ வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொள் என்றவர்களை எதிர்த்து வளர்ந்த இயக்கம் நம்முடையது. அந்த வாசற்படியை நீதிமன்றத்திலா கட்டுவது? பாண்டியன் அவையை எண்ணிப் பாருங்கள். பொற்கொல்லன் சொல்லும் ஒருவகையில் மூடிய உறைதான். மன்னன் செவிக்கு மட்டும் எட்டியது, கோவலன் அறியான். கண்ணகி செய்ததென்ன? சிலம்பை அவையின் நடுவே உடைத்தாள். தெறித்தது மாணிக்கப் பரல் என்பதை மன்னனும் கண்டான், அவையும் கண்டது.

துருக்கி முதலாளிக்காக நாம் ஏன் வாதாடவேண்டும் என்று தோழர் ஒருவர் கேட்கக்கூடும். முதலாளிக்காக அல்ல. ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் எதிர்த்து நிற்க, நமக்கு அருகே பரந்தூரிலே புதிய வானூர்தி நிலையம் திட்டமிடப்பட்டிருக்கிறது. அது எழுந்தால், சுமை தூக்கவும் துப்புரவு செய்யவும் நமது இளைஞர்கள் செல்வர். உள்ளே நுழைய நுழைவு அட்டை வேண்டும்; அதைத் தருவதும் பறிப்பதும் செலெபியின் அனுமதியைப் பறித்த அதே பாதுகாப்புப் பணியகம்தான். செலெபிக்காக உயர்நீதிமன்றத்திலே மூத்த வழக்கறிஞர்கள் நாட்கணக்கில் வாதாடினர். சுங்குவார்சத்திரத்துச் சுமைதூக்கியின் அட்டை ஒருநாள் பறிக்கப்பட்டால், அந்த உறையைப் பிரிக்கச் சொல்லிக் கேட்க அவனுக்கு யார் இருக்கிறார்கள்?