கற்பனைப் படைக்கு ஆள் சேர்ப்பவர்கள்

வீடியோ கேம்களிலும் அறிபுனைப் படங்களிலும் வரும் படைகளுக்கு ஆள்சேர்ப்புச் சுவரொட்டி வரைவது டிசைனர்கள் பலருக்குப் பிடித்த வேலை. சிவப்பும் கறுப்பும், பின்னால் விரியும் கதிர்கள், உயர்த்திய முஷ்டி, பார்ப்பவரை நோக்கி நீளும் விரல். சாம்ராஜ்யமோ புரட்சிப்படையோ, கொடியை மட்டும் மாற்றினால் போதும் என்பதுபோல எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. முதல் குறை இதுதான்.

அந்த விரல் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கதை. 1914 செப்டம்பரில் 'லண்டன் ஒப்பீனியன்' இதழின் அட்டைக்காக ஆல்ஃப்ரெட் லீட், பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனரை விரல் நீட்ட வைத்தார். ஜேம்ஸ் மான்ட்கோமரி ஃபிளாக் வரைந்த, அமெரிக்காவின் உருவகமான அங்கிள் சாம் அதேபோல விரல் நீட்டியபடி 1917இல் அமெரிக்கச் சுவர்களில் ஏறினார். முகத்துக்கு ஃபிளாக் தன் முகத்தையே மாதிரியாக வைத்துக்கொண்டார். நாற்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சாயின. இன்றைய டிசைனர்கள் நகலெடுப்பது அந்த விரலையும் முறைப்பையும்தான். ஃபிளாக்கின் சுவரொட்டியின் அடியில் விட்டிருந்த வெற்றுக் கட்டத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்தந்த ஊரின் ஆள்சேர்ப்பு நிலைய முகவரியை நிரப்புவதற்கான இடம் அது. உண்மையான சுவரொட்டி ஒரு குறிப்பிட்ட தெருவில் நிற்கும் இளைஞனிடம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொன்னது. கற்பனைச் சுவரொட்டிகள் பெரும்பாலும் ரசிகரோடு பேசுகின்றன. அந்த உலகத்தில் வாழும் ஆளோடு பேசுவதில்லை.

சேவில் லம்லி 1915இல் வரைந்த சுவரொட்டியைப் பாருங்கள். எதிரியின் முகமோ போர்க்களமோ அதில் இல்லை. நாற்காலியில் அப்பா, மடியில் மகள், தரையில் பொம்மைச் சிப்பாய்களோடு மகன். போரில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மகள் கேட்க, அப்பாவின் கண்கள் நம் பக்கம் திரும்பியிருக்கின்றன. வீரத்தை விட்டுவிட்டு வெட்கத்தைத் தொட்டு ஆள் சேர்க்கும் படம் இது. கற்பனை நாடு ஒன்றைப் படைப்பவர், அந்த மக்கள் எதற்கு வெட்கப்படுவார்கள் என்று கண்டுபிடித்துவிட்டால், ஒரே தாளில் அந்த நாட்டின் மனசையே காட்டிவிடலாம். இந்தக் கலையின் உண்மையான பலம் அங்கே இருக்கிறது.

திரைப்பட இயக்குநர் பால் வெர்ஹோவன் அதைச் செய்து காட்டினார். நாஜிகள் பிடித்திருந்த நெதர்லாந்தில் சிறுவனாக இருந்தவர் அவர். அவருடைய 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' (1997) ஆள்சேர்ப்பு விளம்பரத்தோடுதான் தொடங்குகிறது. சிப்பாய்களுக்கு நடுவே சீருடை போட்ட சின்னப் பையன் ஒருவன், தானும் தன் பங்கைச் செய்வதாகச் சொல்கிறான். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். சில நொடிகளில் அந்தச் சமூகம் எப்படிப்பட்டது என்று புரிந்துவிடுகிறது. அப்படியும் படம் வந்தபோது, அது பாசிசத்தைப் போற்றுவதாகவே விமர்சகர்கள் சிலர் எடுத்துக்கொண்டார்கள்.

ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. 'வார்ஹாமர் 40,000' விளையாட்டில் வரும் மனிதப் பேரரசு, கொடுங்கோன்மையின் கேலிச்சித்திரம். ஆனால் ஸ்பெயினில் நடந்த ஒரு போட்டிக்கு ஒருவர் நாஜிச் சின்னங்களோடு வந்தார். அதன் பிறகு 2021 நவம்பரில், இந்தப் பேரரசு ஓர் எச்சரிக்கையே தவிர முன்மாதிரி அல்ல என்று விளையாட்டைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. விளையாட்டு சந்தைக்கு வந்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. சுவரொட்டி டி-ஷர்ட்டிலும் அறைச் சுவரிலும் தனியாகத்தான் போய்ச் சேருகிறது; அறிக்கை அதோடு கூடப் போவதில்லை. வெர்ஹோவனின் விளம்பரத்தைப் படத்திலிருந்து வெட்டி எடுத்துப் பார்த்தாலும் அந்தப் பையன் அதற்குள்ளேயே நிற்கிறான்.