சின்னப்பன் என்னும் தகப்பன்

'நாகம்மாள்' நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நாகம்மாளைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறார்கள். அவள் அத்தகைய சிருஷ்டி என்பதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. வேறு சிலர் கெட்டியப்பனிடம் போய் நின்று, அந்த முரட்டுச் சுபாவத்தை ஆர். ஷண்முகசுந்தரம் பிடித்துவிட்ட லாவகத்தை வியக்கிறார்கள். அவர்கள் அனைவரும் தாண்டிப் போய்விடுகிற சின்னப்பனிடத்தில்தான் என் மனம் நெடுங்காலமாக நிலைகொண்டிருக்கிறது. கண்டிப்பான தகப்பன் என்று நம் கதைகளில் வருகிறவர்களை எல்லாம் நிறுத்துப் பார்க்க எனக்கு வாய்த்த எடைக்கல் அவனே. 1942-இல் கு.ப.ரா.வின் முன்னுரையோடு வெளிவந்த அந்தச் சிறிய நூலை, ஓர் இரவுக்குள் படித்துவிடக் கூடிய அதன் அளவையும் சிறுகதைக்கே உரிய அதன் சொற்செட்டையும் கருதி, நாவல்களோடு சேர்க்காமல் கதைத் தொகுதிகளுக்கு நடுவில்தான் வைத்திருக்கிறேன்.

சின்னப்பன் முத்தாயாளைப் பெற்றவன் அல்லன். இறந்துபோன அண்ணனின் மனைவி நாகம்மாளையும் அவள் பெண் முத்தாயாளையும் தன் கூரையின்கீழ் வைத்துக்கொண்டு, பங்கு கேட்கும் குரல் வீட்டுக்குள்ளிருந்தே எழுந்த பின்னரும் தன் பாட்டுக்குப் பாடுபடுகிற குடியானவன். பிறர் தன்னைக் கண்டு ஒதுங்குவதே ஆண்மை என்று கெட்டியப்பன் திரிகிறான். பிறரைத் தாங்கிக்கொண்டு நிற்பதற்கு ஒரு பெயர் உண்டு என்பதுகூடச் சின்னப்பனுக்குத் தெரியாது. இருபத்தைந்து வயதை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், கொங்கு நாட்டுக் கீரனூர் மண்ணை நன்கு அறிந்தவர், இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பிரசங்கம் செய்யாமல் விட்டாரே, அந்த அடக்கத்தைத்தான் நான் மீண்டும் மீண்டும் ரசிக்கிறேன். சின்னப்பனின் மனத்துக்குள் நம்மை அழைத்துச் சென்று, இவன் எவ்வளவு நல்லவன் பாருங்கள் என்று அவர் காட்டுவதில்லை. மண்ணுக்கான தகராறில் கெட்டியப்பன் கையால் அவன் மடியும்போதும் ஆசிரியர் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பதில்லை.

ரேஸ்கோர்ஸில் மாலை நடைக்கு வரும் இலக்கிய நண்பர் ஒருவர், மெரிமேயின் 'மத்தேயோ ஃபல்கோனே'வுக்கு (1829) நிகரான தகப்பன் கதை உலகத்திலேயே இல்லை என்று சாதிப்பார். கார்சிகாத் தீவில், அடைக்கலம் கேட்டு வைக்கோற்போரில் ஒளிந்தவனை ஒரு வெள்ளிக் கடிகாரத்துக்கு ஆசைப்பட்டுக் காட்டிக்கொடுத்துவிட்ட பத்து வயது மகனை, ஜபம் சொல்லச் செய்து, பெற்றவனே சுட்டுக் கொல்லும் கதை அது. அந்த நிர்விகாரமான நடை என்னையும் நடுங்கச் செய்வதுதான். ஆயினும் அத்தகைய கடுமையைத் தேடி நாம் கார்சிகாவுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. மகனைத் தேர்க்காலில் கிடத்திய சோழனைச் சேக்கிழார் நமக்குத் தந்திருக்கிறார். அந்த அரசன் ஒரு பசுவின் துயரத்துக்குப் பதில் சொன்னான். மத்தேயோ தன் குலப்பெயருக்குப் பதில் சொன்னான். குலப்பெயருக்காகப் பிள்ளையைப் பலி கேட்கும் பௌருஷத்தை, எழுதிய கை எத்தனை தேர்ந்ததாயினும், என்னால் கம்பீரம் என்று கொண்டாட முடிவதில்லை.

கொங்கு நாட்டுத் தகப்பன்மாரின் கண்டிப்பை நன்கறிந்தவை எங்கள் இறவைக் கிணறுகள். இடுப்பில் கயிற்றையோ சுரைப்புருடையையோ கட்டிப் பையனைத் தள்ளிவிட்டு, அவன் தண்ணீர் குடித்து அலறுகையில் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் அய்யனும் அப்படித்தான் நின்றார். 'கையக் காலப் போடு சாமி' என்பதற்கு மேல் ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை, கயிற்றின் மறுநுனியை மட்டும் விடவும் இல்லை. பெற்ற பிள்ளையை அதட்டும்போதும் 'சாமி' என்றும் 'கண்ணு' என்றும் விளிக்கிற இந்தப் பிராந்தியத்தின் பேச்சில், கடுமையும் வாத்ஸல்யமும் ஒரே மூச்சில் வெளிவந்துவிடுகின்றன.

ஆனால் அதே கிணற்றில் வேறொரு கயிறும் இறங்கியது என்பதை மறைத்துவிட்டு இதைப் பெருமையாகச் சொல்வது நேர்மையாகாது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் (2000), பண்ணையத்துக்கு விடப்பட்ட சக்கிலியச் சிறுவன் கூளையனைக் கவுண்டர் தலைகீழாகக் கிணற்றுக்குள் தொங்கவிடுகிறார். சோறு போடுகிறவர், அதட்டுகிறவர், அடிக்கிறவர் என்று தகப்பனுக்குரிய ஸ்தானம் முழுவதையும் அந்தச் சிறுவனிடத்தில் வகிக்கிறவர் அவர்தான்; தகப்பனின் கை மட்டும் அவரிடம் இல்லை. என் இளமையின் கிணற்றை அந்தப் பக்கங்களைப் படித்த பிறகு பழைய மனநிறைவோடு நினைத்துப் பார்க்க என்னால் கூடவில்லை.

இப்போது பத்திரிகைகளில் வரும் தகப்பன் கதைகளோ என்னை மிகவும் சலிப்படையச் செய்கின்றன. முதல் பக்கத்தில் பெல்ட்டால் அடித்தவர், கடைசிப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பார், அவருடைய தகரப் பெட்டிக்குள் மகனின் பழைய புகைப்படம் ஒன்று அகப்படும், மகன் அழுவான். கண்டிப்புக்குக் காரணம் காட்டி மன்னிப்பு வாங்கிக் கொடுத்துவிடும் இந்த அவசரம் ஷண்முகசுந்தரத்துக்கு இருந்ததில்லை. பேச்சு மொழியும் அவ்வாறே மெலிந்துவிட்டது. எந்த வாக்கியத்தின் வாலிலும் ஒரு 'ங்க' ஒட்டிவிட்டால் கொங்குத் தமிழாயிற்று என்று எண்ணுகிறார்கள். கட்டுத்தரையில் மாட்டுக்குத் தீவனம் போட்டபடி, முகத்தைத் திருப்பாமலே, பாதி விழுங்கிப் பேசுகிற மனிதனின் குரல் அச்சில் கேட்டு வெகுகாலமாகிறது.

அந்தச் சலிப்பை அண்மைக் காலத்தில் போக்கியது இமையத்தின் 'பெத்தவன்' (2012). காதலித்த குற்றத்துக்காக மகள் பாக்கியத்தைக் கொன்றுவிட வேண்டும் என்று ஊர் கூடி விதித்த கெடுவை ஒப்புக்கொண்டு வீடு திரும்பும் பழனி, இரவோடு இரவாக அவளைத் தப்ப அனுப்பிவிட்டு, விஷத்தைத் தான் குடித்துச் சாகிறான். ஊரை எதிர்த்து நின்றிருக்க வேண்டாமா, செத்துப்போவது கோழைத்தனமல்லவா என்று கேட்கிற வாசகர்களை நான் சந்தித்திருக்கிறேன். ஆண்மை என்றால் அரிவாளோடு எழுந்து நிற்பது என்னும் பாடத்தை, அதே ஊர் பழனிக்குக் கற்பித்த பாடத்தை, அவர்களும் தம்மையறியாமல் ஒப்பிக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஊருக்கு முன்னால் தலை குனிந்து பொய்ச் சத்தியம் செய்யவும், மத்தேயோவுக்குக் கிடைத்த பெயரை வேண்டாம் என்று தள்ளவும் அவனுக்கு இருந்த திராணியைச் சின்னப்பனின் பக்கத்தில்தான் வைப்பேன்.

இமையத்தின் கதை தென்னார்க்காட்டுப் பேச்சில் எழுந்தது. 2015-இல் கோகுல்ராஜையும் 2016-இல் உடுமலைப்பேட்டையில் சங்கரையும் சாதிவெறிக்குப் பறிகொடுத்த இந்தக் கொங்கு மண்ணின் பேச்சில், பழனியைப் போன்ற ஒரு தகப்பன் எழுந்து வருவதை நான் படித்துவிட்டுப் போக வேண்டும். அவனை எழுத உட்காருகிறவர் மேஜைமேல் 'நாகம்மா'ளை வைத்துக்கொள்ளட்டும். அதில் நாகம்மாளை ஒரு முறையும் சின்னப்பனை இரண்டு முறையும் படிக்கட்டும்.