கழற்றிய கம்பிகள்: பி-52ஸ் குழுவின் முதல் ஆல்பம்

பி-52ஸ் குழுவின் முதல் ஆல்பம் 1979 ஜூலையில் வெளிவந்தது. அதைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு அதன் வேடிக்கையில்தான் தொடங்குகிறது. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் அட்டை, கேட் பியர்சனும் சிண்டி வில்சனும் தலையில் வைத்திருக்கும் கோபுரக் கொண்டைகள், சிங்கி இறாலைப் பற்றிய பாட்டு, வேற்றுக் கிரகத்துப் பெண்ணைப் பற்றிய பாட்டு என்று பட்டியல் நீளும். குழுவின் பெயரே அந்த உயரக் கொண்டைக்கு அமெரிக்கத் தென்மாநிலங்களில் வழங்கிய செல்லப்பெயர்தான். இவ்வளவும் உண்மை. ஆனால் இந்த ஆல்பம் இத்தனை ஆண்டுகள் நின்றதற்குக் காரணம் வேடிக்கை மட்டும் அல்ல, அதற்கு அடியில் இருக்கும் இசைச் சிக்கனம். அந்தச் சிக்கனமும் விளையாட்டும் கைகோக்கும் இடங்களில் ஆல்பம் உச்சத்தைத் தொடுகிறது. விளையாட்டு தனியே நிற்கும் இடங்களில் தளர்ந்துபோகிறது.

ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் ஒரு பல்கலைக்கழக ஊர். சிண்டி, அவருடைய அண்ணன் ரிக்கி வில்சன், கேட் பியர்சன், ஃப்ரெட் ஷ்னைடர், கீத் ஸ்ட்ரிக்லண்ட் ஆகிய ஐவரும் 1976இல் அங்கே ஒன்று சேர்ந்தார்கள். 1977 காதலர் தினத்தன்று ஒரு நண்பர் வீட்டு விருந்தில் முதன்முறையாக வாசித்தார்கள். இந்தப் பிறப்பிடம் முக்கியமானது. நியூயார்க், லண்டன் குழுக்களுக்குப் பங்க் இசையின் கோபம் பின்னணியாக இருந்தது. இவர்களுக்கு இருந்தது ஒரே சோதனைதான்: கூடத்தில் நிற்பவர்கள் ஆடுகிறார்களா, இல்லையா? பழைய துணிக்கடையில் பொறுக்கிய உடைகள், கடலலைச் சவாரிக்காரர்களுக்கென்று அறுபதுகளில் உருவான சர்ஃப் கிட்டார் இசை, மலிவான அறிவியல் புனைகதைப் படங்களின் பின்னணி ஒலிகள் எல்லாம் அந்த ஆட்டத்துக்கான கச்சாப்பொருட்கள்.

ரிக்கி வில்சனின் கிட்டாரிலிருந்துதான் இந்த ஆல்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆறு கம்பிகள் உள்ள கருவியில் நடுக் கம்பிகளைக் கழற்றிவிட்டு வாசித்தவர் அவர். மிஞ்சியவற்றையும் வழக்கமான சுருதியில் வைக்கவில்லை. கீழ்ச்சுருதிக் கம்பிகள் தடித்த, உறுமும் அடிநாதத்தைக் கொடுக்கும். மேற்கம்பிகள் கூர்மையாகக் குத்தும். இரண்டுக்கும் நடுவே வெற்றிடம். வழக்கமான கிட்டார் அந்த நடுப்பகுதியைத்தான் ஸ்வரக் கூட்டுகளால் நிரப்பும். ரிக்கி அதைக் காலியாக விட்டதால் பெண் குரல்கள் இரண்டும் உலவ இடம் கிடைத்தது. குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கத் தனியாக ஆளும் இல்லை. ரிக்கியின் கீழ்க்கம்பிகளும் கேட் பியர்சன் கீபோர்டில் வாசித்த பேஸும் அந்த வேலையைப் பார்த்தன. பேஸ் நிற்கவேண்டிய இடத்தை வேறு கருவிகள் பகிர்ந்துகொள்ளும்போது ஒவ்வொரு ஸ்வரமும் கணக்காக விழுந்தாக வேண்டும். இவர்களிடம் விழுகிறது.

‘ராக் லாப்ஸ்டர்’ பாட்டை அருகிலிருந்து கேட்டால் இது விளங்கும். ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான பாட்டு. கடற்கரை விருந்து ஒன்றில் தொடங்கி மெல்ல மெல்லக் கடலடிக்குப் போகிறது. ஒரே கிட்டார் துணுக்கு திரும்பத் திரும்ப வருகிறது. அதன்மேல் ஃபர்ஃபீசா ஆர்கன் வழுக்கிக்கொண்டு போகிறது. நடுவில் எல்லாம் ஓய்ந்து, பாட்டு படிப்படியாகக் கீழே இறங்குகிறது. பிறகு ஷ்னைடர் கடல்வாழ் உயிர்களை, இருப்பவற்றையும் இல்லாதவற்றையும், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்க, கேட்டும் சிண்டியும் அவற்றின் குரல்களைக் கற்பனை செய்து எழுப்புகிறார்கள். சிறுபிள்ளை விளையாட்டுதான். ஆனால் அடியில் ஓடும் தாளம் ஒரு கணமும் நெகிழ்வதில்லை. ஒவ்வொரு கூச்சலும் முந்தையதைவிட ஒரு படி மேலே போக, பட்டியலே இசையின் ஏறுமுகமாகிவிடுகிறது. அந்தக் கூச்சல்களில் யோகோ ஓனோவின் பாணி தெளிவாகத் தெரியும். 1980இல் பெர்முடாவில் இந்தப் பாட்டைக் கேட்ட ஜான் லெனன், தம் மனைவி யோகோவின் இசைக்குக் காலம் வந்துவிட்டது என்று உற்சாகமடைந்து மீண்டும் பதிவுக் கூடத்துக்குத் திரும்பியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். யோகோவை ஊரே ஏளனம் செய்துகொண்டிருந்த காலத்தில் ஒரு சிற்றூர்க் குழு அவருடைய உத்தியை ஆட்டப்பாட்டுக்குள் கொண்டுவந்தது சாதாரணக் காரியமல்ல.

இசைத்தட்டின் முதல் பக்கத்தில் உள்ள மற்ற மூன்று பாடல்களும் இதே தரத்தில் நிற்கின்றன. ‘பிளானெட் கிளேர்’ பாட்டின் முதுகெலும்பு ஹென்றி மன்சினி ‘பீட்டர் கன்’ தொலைக்காட்சித் தொடருக்கு அமைத்த இசை. இரண்டு நிமிடம் கடந்த பிறகுதான் வரிகளே வருகின்றன. அதுவரை கேட் பியர்சனின் சொல்லில்லாக் குரல் கீபோர்டோடு இழைந்து மிதக்கிறது. புதிய குழு ஒன்று முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் இப்படிக் காத்திருக்க வைப்பதற்குத் தன்னம்பிக்கை வேண்டும். ‘டான்ஸ் திஸ் மெஸ் அரவுண்ட்’ பாட்டில் பொம்மைப் பியானோ ஒலிக்க, சிண்டி வில்சன் புறக்கணிக்கப்பட்ட பெண்ணின் ஆற்றாமையைத் தொண்டை கிழியப் பாடுகிறார். அந்த வலியில் பாவனை இல்லை. பிறகு பாட்டு நடனப் பெயர்களின் அணிவகுப்பாக மாறிவிடுகிறது. இந்தத் திருப்பத்தைச் சிலர் ஏமாற்றமாகக் கருதலாம். எனக்கு இது ஆல்பத்தின் மிகத் துணிச்சலான இடம். வலியையும் கொண்டாட்டத்தையும் ஒரே மூச்சில் வைக்கிறார்கள்.

இரண்டாம் பக்கத்தைப் பற்றி இப்படிப் பேச முடியாது. ‘லாவா’ காமத்தை எரிமலையாக்கி நன்றாகத்தான் தொடங்குகிறது. ‘தேர்ஸ் எ மூன் இன் த ஸ்கை’ பாட்டுக்குள் புகுந்ததும் சலிப்பு தட்டுகிறது. பட்டியல் போடுவது இவர்களுடைய பழக்கம்: பெண் பெயர்கள், மீன்கள், நடனங்கள், இங்கே வான்பொருட்கள். இசை ஏறினால் பட்டியலும் ஏறும். இந்தப் பாட்டில் இசை நின்ற இடத்திலேயே நிற்கிறது. கழிப்பறைச் சுவரில் கண்ட தொலைபேசி எண்ணைப் பற்றிய ‘6060-842’ ஒரு துணுக்கு. அதைத் தாண்டி வளரவில்லை. பேச்சும் அதட்டலும் கலந்த ஷ்னைடரின் குரல் முதல் பக்கத்தில் பெண் குரல்களுக்கு எதிர்நிலையாக நின்று சுவை கூட்டியது. இங்கே அதுவே முன்னால் வந்து களைப்பூட்டுகிறது. கடைசியாக, பெட்டுலா கிளார்க் 1964இல் புகழ்பெறச் செய்த ‘டவுன்டவுன்’. மூலப்பாட்டின் மலர்ச்சியை எடுத்துவிட்டார்கள், அதற்கு ஈடாக எதையும் வைக்கவில்லை. ஆல்பத்தை முடிக்க இதைவிட மோசமான தேர்வு கிடைத்திருக்காது.

சரக்குத் தீர்ந்ததால் நேர்ந்த குறை என்றால் மன்னிக்கலாம். அப்படியும் இல்லை. மேடைகளில் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்த பல பாடல்களை அடுத்த ஆல்பமான ‘வைல்ட் பிளானெட்’டுக்கு என்று எடுத்து வைத்தார்கள். ‘டெவில் இன் மை கார்’ அவற்றில் ஒன்று. அது கையில் இருக்க, ‘டவுன்டவு’னுக்கு இடம் கொடுத்தது தவறான கணக்கு. இரண்டாம் பக்கத்தைக் காப்பாற்றுவது ‘ஹீரோ வர்ஷிப்’ ஒன்றுதான். அதிலும் சிண்டியின் குரல், அதிலும் உண்மையான தவிப்பு.

பஹாமாஸின் நாசாவ் நகரில் உள்ள காம்பஸ் பாயின்ட் கூடத்தில் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்த தயாரிப்பாளர் கிறிஸ் பிளாக்வெல், மேடையில் கேட்பதைப் போலவே இருக்கட்டும் என்று ஒலியில் அதிகம் சேர்க்காமல் விட்டார். இவ்வளவு வெறுமையாக இருக்கிறதே என்று குழுவினரே முதலில் திகைத்தார்கள். முடிவு சரியானதே. எண்பதுகளின் பல பதிவுகள் வீங்கிய முரசொலியால் இன்று பழசாகத் தெரிகின்றன, இது தெரியவில்லை. ஆனால் அதே வெறுமை பலவீனமான பாடல்களை மறைக்கவும் மறுக்கிறது.

இந்த ஆல்பத்துக்குப் பின்வந்த பலர் கொண்டையையும் கோமாளித்தனத்தையும் எடுத்துக்கொண்டார்கள், கழற்றிய கம்பிகளை விட்டுவிட்டார்கள். விமர்சகர்களில் ஒரு சாராரும் வேடிக்கைக் குழு என்று முத்திரை குத்தி நகர்ந்தார்கள். ரிக்கி வில்சன் 1985இல் எய்ட்ஸ் நோயால் 32 வயதில் இறந்தார். டிரம்ஸ் வாசித்த கீத் ஸ்ட்ரிக்லண்ட் கிட்டாரை ஏற்றார். 1989இன் ‘காஸ்மிக் திங்’ பெரும் வெற்றி பெற்றது, அதன் ஒலியும் நிறைவானது. இருந்தாலும் இந்த முதல் பக்கத்தின் நான்கு பாடல்களில் உள்ள இறுக்கத்தை அவர்கள் ஒரு ஆல்பத்தின் முழுப் பக்கத்துக்கு மறுபடி எட்டவில்லை. அந்த நான்கையும் ‘ஹீரோ வர்ஷிப்’பையும் கேளுங்கள். முதல் முறை குரல்களுக்காக, அடுத்த முறை கிட்டாருக்காக.