சாவிக்காரரின் கடிதம்

வியாபாரிகள் எழுதும் கடிதங்களை யாரும் விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் அப்படிப்பட்ட கடிதம் ஒன்றை நான் மூன்று நான்கு தடவை படித்திருக்கிறேன். ஆப்பிள் கம்பெனியின் தலைவராக இருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 பிப்ரவரி 6ஆம் தேதி, சங்கீதத்தைப் பற்றிய எண்ணங்கள் என்ற தலைப்பில் வெளியிட்ட பகிரங்கக் கடிதம் அது. நடையில் அலங்காரம் இல்லை. வாதம் படிப்படியாக ஏறுகிறது. நன்றாக எழுதப்பட்டது என்றே சொல்ல வேண்டும். அதனால்தான் அதில் எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கத் தோன்றுகிறது.

விஷயம் இதுதான். 2003 ஏப்ரலில் ஆப்பிள் தன் பாட்டுக்கடையைத் திறந்தது. பாட்டு ஒன்றுக்கு 99 சென்ட் விலை. பாட்டோடு 'ஃபேர்பிளே' என்ற பூட்டும் சேர்ந்து வந்தது. அனுமதி பெற்ற ஐந்து கம்ப்யூட்டர்களிலும், அதே கம்பெனியின் ஐபாடிலும் பாட்டைக் கேட்கலாம். வேறு கம்பெனியின் கருவியில் போட்டால் பாடாது. சிடியில் பதிந்து, அதிலிருந்து மறுபடி கம்ப்யூட்டருக்கு எடுத்தால் பூட்டு கழன்றுவிடும் என்பது வேறு விஷயம். அவ்வளவு பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்? ஐரோப்பாவில் முணுமுணுப்பு எழுந்தது. இது சட்டத்துக்கு விரோதம் என்று நார்வேயில் நுகர்வோர் நலன் பார்க்கும் அதிகாரி 2007 ஜனவரியில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தக் கடிதம்.

பூட்டைக் கேட்டவர்கள் நாங்கள் அல்ல, நான்கு பெரிய ரிகார்டு கம்பெனிகள்தாம் என்கிறார் ஜாப்ஸ். பூட்டின் சூட்சுமத்தையும் எளிதாக விளக்குகிறார். பாட்டும் அதைத் திறக்கும் ரகசியமும் வாங்கியவர் வீட்டிலேயே இருக்கின்றன. கெட்டிக்காரர் எவராவது என்றைக்காவது அதைக் கண்டுபிடிக்காமல் இருக்க மாட்டார். பிறகு அவருடைய பலமான வாதம் வருகிறது. 2006இல் பூட்டோடு விற்ற பாட்டுகள் உலகம் முழுவதும் 200 கோடிக்கும் குறைவு. அதே ஆண்டில் அதே ரிகார்டு கம்பெனிகள் பூட்டே இல்லாத சிடிகளில் விற்றவை 2,000 கோடிக்கும் மேல். வாசலை அகலத் திறந்து வைத்துவிட்டுப் புறக்கடை ஜன்னலுக்குக் கம்பி போட்ட கதைதான். ஆகவே பூட்டையே எடுத்துவிடலாம் என்கிறார். இதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆட்சேபம் ஒரு கணக்கில் வருகிறது. பூட்டினால் ஜனங்கள் எங்களிடம் மாட்டிக்கொண்டுவிடவில்லை என்று காட்ட அவர் ஒரு வகுத்தல் போடுகிறார். விற்ற பாட்டுகள் 200 கோடி, விற்ற ஐபாடுகள் 9 கோடி; ஆகவே கருவி ஒன்றுக்கு 22 பாட்டு. கருவியோ 1,000 பாட்டுக் கொள்ளும். நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. இதற்காக யார் ஐபாடையே கட்டிக்கொண்டு அழுவார்கள்?

கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சராசரி மனிதரிடம் நம்பிக்கை கிடையாது. இருபத்திரண்டு பாட்டுக்காரர் எந்தத் தெருவிலும் குடியிருக்கவில்லை. ஒரு பாட்டும் வாங்காதவர் ஒருவர் இருப்பார். மாதா மாதம் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி முந்நூறு பாட்டு வாங்கியவர் இன்னொருவர் இருப்பார். கருவி பழுதாகி வேறு கம்பெனிக் கருவி வாங்க நினைக்கும்போது, பூட்டு அந்த முந்நூறு பாட்டுக்காரரைத்தான் பிடித்துக்கொள்கிறது. திருட்டுப் பாட்டுக் கேட்கிறவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கடிதத்தில் ரிகார்டு கம்பெனிகள் பேசப்படுகின்றன, போட்டிக் கம்பெனிகள் பேசப்படுகின்றன. காசு கொடுத்தவர் மட்டும் வகுத்தலில் கரைந்துபோகிறார். கடிதம் பாட்டோடு நின்றுவிடுவதையும் கவனிக்க வேண்டும். அந்தக் கடையிலேயே விற்ற சினிமாப் படங்களின் பூட்டைப் பற்றி அதில் பேச்சில்லை.

நானும் எழுதிப் பிழைக்கிறவன். என் நாவல் ஒன்றை யாரோ நகலெடுத்து ஊருக்கெல்லாம் இனாமாகக் கொடுத்தபோது எனக்குக் கோபம் வந்தது. இரவல் கொடுத்த புத்தகம் அலமாரியில் ஓர் இடத்தைக் காலியாக்குகிறது. நகல் அப்படிச் செய்வதில்லை. ஆகவே பாட்டுக்காரர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் என் புத்தகத்தை விலைக்கு வாங்கியவர் மூக்குக்கண்ணாடி மாற்றிக்கொண்டால், மறுபடி படிக்க என்னிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று நான் சொன்னால், அதை நியாயம் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

அப்படியே ஒரு காரியம் நடந்தது. மைக்ரோசாஃப்ட் தன் எம்.எஸ்.என். பாட்டுக்கடையை 2006இல் மூடிற்று. 2008 ஆகஸ்ட் 31க்குப் பிறகு பாட்டுகளுக்குச் சாவி வழங்கப்போவதில்லை என்று அந்த ஏப்ரலில் வாடிக்கையாளருக்கு எழுதிற்று. பழைய கம்ப்யூட்டரில் பாட்டு பாடும். புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் ஊமையாகிவிடும். கூச்சல் எழுந்த பிறகு கெடுவை 2011 முடியத் தள்ளி வைத்தார்கள்.

ஜாப்ஸின் கடிதம் வீண்போகவில்லை. இரண்டே மாதத்தில் ஈ.எம்.ஐ. கம்பெனி பூட்டில்லாமல் விற்கச் சம்மதித்தது. 2009 ஜனவரியில் ஆப்பிள் கடையின் எல்லாப் பாட்டுகளுக்கும் அந்த முடிவு அறிவிக்கப்பட்டது. ஆனால் ஏற்கனவே வாங்கியவர்கள் தங்கள் பாட்டின் பூட்டைக் கழற்றிக்கொள்ளப் பாட்டுக்கு 30 சென்ட் கட்ட வேண்டியிருந்தது. ஒலியின் தரமும் உயர்ந்தது என்பது உண்மைதான். ஆனாலும் முந்நூறு பாட்டுக்காரருக்குக் கணக்கு 90 டாலர். கடிதத்தில் இடம் பெறாதவர் கடைசியில் பில்லில் இடம் பெற்றார்.

இன்று பெரும்பாலோர் பாட்டை விலைக்கு வாங்குவதில்லை. மாதச் சந்தா கட்டிக் கேட்கிறார்கள். சந்தா நின்றால் இறக்கி வைத்த பாட்டும் நின்றுவிடும். வாடகை என்று தெரிந்தே கொடுக்கும் பணத்துக்கு நான் குறை சொல்லமாட்டேன். விற்றேன் என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைத் தன் மடியிலேயே முடிந்துகொண்டதைத்தான் குறை சொல்கிறேன். ஜாப்ஸ் அந்த மடியை அவிழ்க்கச் சம்மதித்தார், அதற்கு அவரைப் பாராட்டலாம். அதை முடிந்தபோது யாரைக் கேட்டு முடிந்தார் என்பதையும் ஒரு வரி எழுதியிருந்தால் கடிதம் முழுமை பெற்றிருக்கும்.